வானத்திலும் ஒரு பெரட்டு

2025 ஜனவரியில் உலகச் செய்திகளில் ‘கோள்களின் அணிவகுப்பு’ என்பதே பேச்சாக இருந்தது. மலையகத் தோட்டமொன்றில் இதைச் சொல்வதானால் அணிவகுப்பைவிடப் பெரட்டு என்ற சொல் சட்டென்று பிடிபடும். காலையில் மலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடம் பெரட்டுக்களம். ‘பரேட்’ என்ற துரைமார் சொல்தான் தோட்டத் தமிழில் ஊறிப் பெரட்டு ஆனது என்பார்கள். அந்த ஜனவரியில் வானத்திலும் ஒரு பெரட்டு நடந்தது. மேற்கே வெள்ளி, அதன் பக்கத்தில் சனி, தலைக்கு மேலே வியாழன், கிழக்கே செவ்வாய். பொழுது சாய்ந்ததும் நான்கு பேரும் ஒழுங்காக வந்து நின்றார்கள். பெயர் எடுக்கத்தான் ஆள் குறைவு.

தோட்டத்துக்குக் கோள்கள் அந்நியமானவை அல்ல. குருப் பெயர்ச்சி என்றைக்கு, எந்த ராசிக்கு ஏழரை தொடங்குகிறது, யாருக்கு அட்டமத்துச் சனி விலகுகிறது என்று லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்த ஆச்சியையும் கேட்கலாம். பெயர்ச்சி நெருங்கினால் பத்திரிகைகள் பலன்களுக்கென்றே பக்கங்களை ஒதுக்குகின்றன. அன்றைக்குப் பத்திரிகை கொஞ்சம் கூடுதலாக விற்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. கோயிலில் நவக்கிரக மேடைக்கு முன்னால் சனிக்கிழமை தோறும் எள் விளக்கு எரிகிறது. ஆனால் ஒன்பது சுற்றுச் சுற்றி முடித்து வெளியே வருகிறவரை நிறுத்தி, “சனி இப்போது எங்கே இருக்கிறார்?” என்று கேட்டால், “மீனத்தில்” என்று பதில் வரும். “எங்கே, காட்டுங்கள்” என்றால் கை எழாது.

மேடையில் நிற்கும் ஒன்பது பேரில் ஏழு பேரை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஞாயிறும் திங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஐந்தும் எந்தக் கருவியும் இல்லாமலே தெரியும். மிஞ்சிய ராகுவும் கேதுவும் பொருள்கள் அல்ல. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். கிரகணம் அந்தப் புள்ளிகளை ஒட்டித்தான் நேரும் என்பதால் பழைய கணக்கர்கள் அவற்றுக்கும் பெயர் வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டுக்குப் பயப்படுகிற நாம், தெரிகிற ஐந்தைப் பார்க்காமல் இருப்பது வேடிக்கைதான்.

அதுவும் எங்கே இருந்துகொண்டு? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,270 மீற்றருக்கு மேல். நுவரெலியாவில் நிற்பவருக்குக் காற்று மண்டலத்தின் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காலுக்குக் கீழே போய்விடுகிறது. கொழும்பின் புழுக்கமும் தூசியும் தெருவிளக்கு மங்கலும் அந்தக் கீழ்ப்பங்கில்தான் கிடக்கின்றன. இன்னொரு வசதி, இடம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கம், ஏழு பாகை வடக்கில்தான். இங்கிலாந்தில் சூரியனும் கோள்களும் அடிவானத்தில் சரிந்து சரிந்து, மலைச்சரிவில் வழுக்குகிறவனைப்போல மெல்ல மறையும். இங்கே கிணற்றில் இறங்கும் வாளிபோல அநேகமாக நேரே இறங்கும். அதனால் அந்தி சீக்கிரம் கழிந்துவிடுகிறது. சூரியன் மறைந்து முக்கால் மணிக்குள் நல்ல இருட்டு. சூரியனை விட்டு ஒருபோதும் அதிகம் விலகாத புதன்கூட வட ஐரோப்பியர்களைவிட நமக்குச் சுலபமாக அகப்படும். அதற்கு, மேற்குத் திசையை மலை மறைக்காத இடம் வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற லயத்துக்கு இந்தப் பாக்கியம் கிடைக்காது. ஒரு மேட்டுக்கு ஏற வேண்டும்.

பருவத்தையும் சொல்லியாக வேண்டும். மலையகத்தில் வானம் என்பது வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கடை அல்ல. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று வந்து இறங்கினால் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கமெல்லாம் வாரக் கணக்கில் சாம்பல் கூரைதான். பருவங்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் தோறும் இடி மழை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைதான் மேற்குச் சரிவுகளுக்குத் தெளிந்த இரவுகள் கிடைக்கின்றன. சிவனொளிபாதமலைப் பருவம் அதே நாட்களில் வருகிறது. மாசியின் வளர்பிறை இரவுகளில் தோட்டத்து வெளிகளில் காமன் கூத்து ஆடுவதும் அப்போதுதான். மக்கள் இரவில் வெளியே நிற்கிற காலமும் வானம் தெளிகிற காலமும் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

தோட்டத்துக்கு அந்தத் தெளிவில் ஒரு நடுக்கமும் உண்டு. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் மேகமே இல்லாத இரவு என்றால் மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருப்பதுண்டு. மேகம் ஒரு போர்வை. அது விலகினால் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். தேயிலைத் தளிர் கருகி, கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பெயர் கொடுக்கிறவர்களுக்கு வேலை குறையும். வானத்தில் வியாழன் துல்லியமாக எரிகிற இரவும் மலையில் தளிர் கருகுகிற இரவும் ஒரே இரவுதான். இதையும் அறிந்துகொண்டுதான் மலையகத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அவன் வானத்தைப் பார்ப்பதே இல்லை என்பதும் சரியல்ல. மழைக்காகப் பார்க்கிறான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தையில் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, மூன்று நாள் விடாமல் பெய்தால் எந்தத் தோட்டத்திலும் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. வானம் என்றால் பயம் என்று ஆகிவிட்ட இடத்தில் அதை ஆசையோடு பார்க்கச் சொல்வது எளிதல்ல.

இருந்தாலும் கோள் பார்ப்பதைப்போலச் செலவில்லாத காரியம் வேறில்லை. மங்கிய நட்சத்திரங்களைத் தேடுவதற்கு நள்ளிரவு வரை விழிக்க வேண்டும். கோள்களுக்கு அது வேண்டாம். சிறுத்தை நடமாடுகிற மலையில் இரவு பன்னிரண்டு மணிக்குத் தேயிலைக்குள் போய் நிற்கும்படி யாரும் சொல்லப்போவதில்லை. மாலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள், பாடசாலை மைதானத்திலோ மடுவத்துக்குப் பக்கத்திலோ நின்றாலே போதும். காசல்ரீ நீர்த்தேக்கத்துக் கரை வாய்த்தவர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். காற்று அடங்கிய மாலையில் வெள்ளி தண்ணீரிலும் ஒரு கோடு போடும்.

அடையாளம் காண்பதும் சிரமமில்லை. சூரியனும் நிலவும் போகிற அதே தடத்தில்தான் கோள்களும் போகும். அவை யாவும் சூரியனை ஏறத்தாழ ஒரே தளத்தில் சுற்றுகின்றன. வடக்கு அடிவானத்தில் ஏதாவது மினுக்கினால் அது கோள் அல்ல. ‘அரிய நிகழ்வு, நேர்கோட்டில் கோள்கள்’ என்று கைத்தொலைபேசியில் வருகிற செய்திகளில் பாதி வெறும் ஆரவாரம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அவை என்றைக்கும் ஒரே தடத்தில்தான் இருக்கின்றன. நான்கைந்து ஒரே மாலையில் தென்படுவதுதான் விசேஷம். அடுத்தது மினுக்கல். நட்சத்திரம் எவ்வளவு பெரியதானாலும் தூரத்தால் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. காற்றின் சிறு அசைவும் அந்தப் புள்ளியைத் துடிக்க வைக்கும். கோளுக்குச் சிறிய வட்டு உண்டு. அதன் ஒரு பக்கம் மங்கும்போது மறுபக்கம் ஈடுகட்டும். அதனால் அது நிலைத்து எரியும், காற்றில்லாத அறையில் குத்துவிளக்குச் சுடரைப்போல.

பிறகு நிறம். இதில் தமிழ் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருப்பது வெள்ளி, சிவந்திருப்பது செவ்வாய். பெயர் வைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்துத்தான் வைத்தார்கள். பட்டினப்பாலை தொடங்குவதே வெள்ளி தெற்கே விலகிப் போனால் மழை பொய்க்கும் என்ற அக்கால நம்பிக்கையோடுதான். வெள்ளிக்கும் மழைக்கும் தொடர்பில்லை என்று இன்று தெரியும். ஆனால் அந்த நம்பிக்கை பிறப்பதற்கே யாரோ பல ஆண்டு மாலைகளில் வெள்ளி எங்கே மறைகிறது என்று குறித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம் நம்மிடமிருந்து எப்போதோ நழுவிவிட்டது. கணக்கு மட்டும் தங்கிவிட்டது.

கணக்கின் கதை சுவையானது. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அந்த ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தை எப்படிக் கணித்தார் என்று அதில் எழுதியிருக்கிறார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களை எண்களாக மாற்றிக் கூட்டிக் கழித்தார். கிரகணம் தொடங்கும் நேரம் நான்கு நிமிட வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. முடியும் நேரம் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிசகியது. அந்த மனிதருக்குக் கணக்கு தலைகீழ்ப் பாடம். கணக்குக்குப் பின்னால் வானத்தில் என்ன நடக்கிறது என்பது பற்றி அவர் கவலைப்படவில்லை என்கிறார் வாரன். திறமையை வியக்கலாம். வாய்பாடு எங்கே பிசகுகிறது என்பதைச் சொல்ல வானத்தைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதும் அங்கேதான் தெரிகிறது.

இந்தப் பிசகு இன்றைக்கும் வீட்டுக்கு வீடு வருகிறது. அண்மைய சனிப் பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் நடந்தது. வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் இல்லை, 2026இல்தான் என்றார்கள். திருநள்ளாறு கோயிலும் வாக்கியத்தின் பக்கமே நின்றது. ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி. ஒன்று பழைய வாய்பாடு, மற்றது வானத்தைப் பார்த்துத் திருத்தியது. சண்டை நடந்துகொண்டிருந்த அந்த மார்ச் 29 அன்று சனியோ சூரியனை ஒட்டி, விடியல் வெளிச்சத்தில் கரைந்து, கண்ணுக்குப் பிடிபடாத இடத்தில் இருந்தது. பரிகாரம் செய்தவர்களில் யாராவது அன்றைக்கு வானத்தில் தேடியிருந்தால் ஆளைக் காணவில்லை என்று திரும்பியிருப்பார்கள்.

செவ்வாயின் விஷயம் இதைவிட வேதனையானது. ‘செவ்வாய் இருக்கிறது’ என்ற ஒரு வார்த்தையால் எத்தனை பெண்களின் கல்யாணம் தள்ளிப்போகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு தடவையாவது செவ்வாயைக் காட்டியவர் உண்டா? துருப்பிடித்த இரும்பின் நிறம் அது. அங்கே பரவிக் கிடக்கும் தூசியில் உள்ள இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. கிட்டே வருகிறபோதுகூடக் கோடிக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற ஒரு துருப்பந்து, தன் வரனை எப்படிக் கலைத்தது என்று யோசிக்கிற உரிமையாவது அவளுக்கு வேண்டும்.

கருவிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் எல்லாம் கொழும்பில், அதை ஒட்டி. 1965இல் கட்டிய கோளரங்கம் கொழும்பில் இருக்கிறது. ஜப்பான் அரசு 1996இல் அளித்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி, மொறட்டுவைக்குப் பக்கத்தில் கட்டுபெத்தையில், ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரிலுள்ள நிறுவகத்தில் இருக்கிறது. ஹட்டன் பிள்ளைகள் கோளரங்கத்துக்குச் சுற்றுலா போவதுண்டு. அரை நாள் ரயிலில் இறங்கி, நட்சத்திரம் தெரியாத நகரத்துக்குப் போய், இருட்டாக்கிய கூரையில் விளக்கால் காட்டும் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, அசல் நட்சத்திரங்களுக்குக் கீழே இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். திட்டம் போட்டவர்கள் இந்த வேடிக்கையைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எழுத்தாளர் கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து 2008இல் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தவர். 1979இல் வெளியான அவருடைய நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி எழும்புகிறது. அது நிற்கிற மலைக்கு மாதிரி நம் சிவனொளிபாதமலை. மின்தூக்கிக்கு நடுக்கோடு வேண்டும் என்பதற்காகத் தீவையே கொஞ்சம் தெற்கே நகர்த்திக்கொண்டார்! உலகமெங்கும் படித்தவர்கள் அந்த மலையிலிருந்து விண்வெளியைக் கற்பனை செய்தார்கள். அதன் அடிவாரத்தில், மஸ்கெலியாவில், கொழுந்து பறிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இரவு வானம் இன்னும் பாடப்புத்தகத்துப் படமாகவே இருக்கிறது.

லயத்துக் கூரை ஒழுகுகிறது, நாட்சம்பளத்துக்கே போராட வேண்டியிருக்கிறது, காணியும் வீடும் இன்னும் கையில் வரவில்லை, இதில் வியாழனைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வியாழன் கூரை போட்டுத் தராது. ஆனால் கோயில் மேடைக்கும் ராசிபலனுக்கும் நேரம் ஒதுக்குகிற வீட்டில் அந்தக் கோளின் முகத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் இல்லை என்பது ஒப்புக்கொள்ள முடியாத வாதம். இந்தச் சமூகத்துக்குக் கிடைக்காமல் போனவற்றின் பட்டியல் நீளமானது. ஏற்கெனவே தலைக்கு மேல் கிடைத்திருப்பதையும் அதில் சேர்க்க வேண்டியதில்லை.

வானம் நம்மை ஏய்ப்பதும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது நாடே இருண்டது. நட்சத்திரம் பார்ப்பதற்கு அப்படியொரு மாலை நகரவாசிகளுக்குப் பல ஆண்டுகளாக வாய்த்ததில்லை. ஆனால் அந்த மாதத்தில் வெள்ளி, செவ்வாய், சனி மூன்றும் விடியற்காலைக்குப் போயிருந்தன. மாலை வானத்தில் கோள் ஒன்றும் தெரியவில்லை. இதில் முதலிடம் என்றும் பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தீலுக்குத்தான். சூரியனின் முகத்தில் வெள்ளி கடந்து போவதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761இல் வந்து சேருமுன் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, ஆடுகிற கப்பலில் நின்று அளவெடுக்க முடியாமல் தவித்தார். அடுத்த கடப்புக்காக எட்டு வருடம் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, புதுச்சேரியில், சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால் அவர் இறந்துவிட்டதாகச் சொல்லிச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நுவரெலியாவில் ஒரு மாலை மூட்டம் கவிந்து வெள்ளி தெரியாமல் போனால் அவரை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. ஒரு பாடசாலைக்கு ஒரு பைனாகுலர் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரணப் பைனாகுலரைச் சுவரில் அழுத்திப் பிடித்துப் பார்த்தால் வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நான்கு பெரிய நிலவுகளும் பொட்டுப் பொட்டாகத் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட, எல்லாமே பூமியைச் சுற்றவில்லை என்று அவருக்குக் காட்டிய அதே காட்சி. அடுத்த நாள் பார்த்தால் பொட்டுகள் இடம் மாறியிருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை இதை இரண்டு மாலைகளில் தானே கண்டுவிடும். எந்த ஆசிரியரும் கரும்பலகையில் இவ்வளவு செய்ய முடியாது. சனியின் வளையத்துக்கு மட்டும் சிறிய தொலைநோக்கி ஒன்று வேண்டும். வலயத்துக்கு ஒன்று வாங்கினாலே பல பாடசாலைகள் மாறி மாறிப் பார்க்கலாம். தவணைக்கு ஒரு மாலை பெற்றோரையும் மைதானத்துக்கு அழைக்கலாம். ஆலை வளவிலும் தெருக்களிலும் புதிதாகப் போடுகிற வெள்ளை விளக்குகளுக்கு மேல் மூடி ஒன்று போட்டால் வெளிச்சம் பாதைக்கு விழும், வானத்துக்கு ஏறாது.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ராசிபலனை நிறுத்தச் சொன்னால் ஆசிரியர்கள் கேட்கப்போவதில்லை. அதற்குக் கீழேயே மூன்று வரி தரலாம்: இன்று மாலை எந்தக் கோள், எந்தத் திசையில், எத்தனை மணி வரை. பலனைப் படிக்கிற அதே கண் அதையும் படிக்கும். படித்தவர்களில் பத்தில் ஒருவர் வாசலுக்கு வந்தாலும் அது பெரிய கூட்டம்தான்.

தொடங்குவதற்கு நல்ல நாளும் இருக்கிறது. 2027 பெப்ரவரி 10ஐ ஒட்டி வியாழனும், 19ஆம் திகதி செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே வந்து நிற்கின்றன. இரண்டும் சூரியன் மறைகிற வேளையில் கிழக்கே எழுந்து இரவு முழுக்க இருக்கும். செவ்வாய் அப்போது சுமார் 10 கோடி கிலோமீற்றர் தூரத்தில். அதன் மிக நெருங்கிய வருகைகளில் ஒன்று அல்ல, ஆனாலும் சிவப்பு நன்றாகத் தெரியும். 20ஆம் திகதி பௌர்ணமி. முழு நிலவும் அவற்றின் அருகிலேயே எழும். அதே மாலை மேற்கே சனி இருக்கும். மலையேறிச் சூரியோதயத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு விடியலில் கிழக்கே வெள்ளியும் கிடைக்கும். அது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு, பெரட்டுக்கு ஓடுகிற அவசரம் இல்லை.